கூடுமா குறையுமா?

காரைக்குடி

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி பேரன் போனில் சொன்ன கணக்கு மனசிலேயே நிற்கிறது. 12 ஓம் தடையில் 2 ஆம்பியர் மின்னோட்டம் ஓடுகிறது. அதே பேட்டரியில் 8 ஓம் போட்டால் எவ்வளவு? இரண்டை எட்டால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்து 1.33 என்றான். "சூத்திரத்தைப் படிடா" என்று நீ அதட்டினது கேட்டது. அதட்டாதே, ஆத்தா. சூத்திரம் அவனுக்குத் தெரியும். தடை குறைந்தால் ஓட்டம் கூடுமா குறையுமா என்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பேனாவைத் தொடுமுன் அதைக் கேட்டுக்கொள்ளட்டும். தடை குறைந்திருக்கிறது, ஓட்டம் கூடத்தான் வேண்டும். 2-க்குக் கீழே விடை வந்தாலே தப்பு. அப்புறம், எது மாறவில்லை? பேட்டரி அதேதான், மின்னழுத்தம் மாறாது. தடையை ஓட்டத்தால் பெருக்கினால் மின்னழுத்தம்: பன்னிரண்டை இரண்டால் பெருக்கினால் 24 வோல்ட். எட்டோடு எதைப் பெருக்கினால் 24? 3 ஆம்பியர். ஒன்று குறைய மற்றது கூடுகிற எதிர் மாறலில் பெருக்கல் பலன்தான் மாறிலி, அதாவது மாறாமல் நிற்பது. அவன் போட்டது, இரண்டும் சேர்ந்தே கூடிக் குறைகிற நேர் மாறல் வழி.

பரணில் பழைய குண்டு பல்புகள் கிடக்கின்றன. லீவுக்கு வரும்போது 60 வாட்டையும் 100 வாட்டையும் அவன் கையில் கொடுத்து, எதற்குத் தடை அதிகம் என்று கேட்கப்போகிறேன். பெரிய வாட்டைத்தான் காட்டுவான். எலெக்ட்ரீஷியன் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். 230 வோல்ட்டில் எரியும்போது 60 வாட்டுக்குச் சுமார் 882 ஓம், 100 வாட்டுக்கு 529. ஓட்டம் முதலாவதில் 0.26 ஆம்பியர், அடுத்ததில் 0.43. அணைந்த பல்பில் மீட்டர் வைத்தால் இந்த ஓம் வராது, ரொம்பக் குறைவாகக் காட்டும். இழை சூடேறினால்தான் தடை இவ்வளவு ஏறும்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. ரெண்டாங்கட்டில் பழைய ஒயரின் உறை உதிர்ந்து இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டன. நடுவில் தடை என்று ஒன்றுமே இல்லை, ஓட்டம் எகிறிவிட்டது. பியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன்: கம்பி உருகிப்போய், பீங்கானில் கரி அப்பியிருந்தது. இதையும் அவனிடம் சொல்.

தொடராக இரண்டு தடை கோத்த கணக்கு வந்தால் மட்டும் கவனம். அங்கே இரண்டிலும் ஓட்டம் ஒன்று, வோல்ட்தான் பிரியும். மொத்தத் தடையை எடுத்தால்தான் இந்த வழி சரிவரும்.

அம்மா மனகோலம் சுட்டு வைத்திருக்கிறாள், கூரியரில் வரும். ஞாயிற்றுக்கிழமை அவனைப் போன் போடச் சொல். 48 ஓம் போட்டால் எவ்வளவு என்று கேட்பேன். கூடுமா குறையுமா என்பதை முதலில் சொல்லட்டும், விடை அப்புறம்.

அன்புடன்,
அப்பா