அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பெயர்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் பெயர்ப் பேச்சு வந்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். பெண் பிறந்தால் தன் பெயரை வைக்கவே கூடாதாம். "பழைய பேரு, ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்க" என்கிறாள். பெயர்த்திதானே பேத்தி ஆனது என்று நான் இலக்கணம் பேசியும் எடுபடவில்லை.

ஒரே ஒரு பெயருக்கு நீயும் மாப்பிள்ளையும் மூன்று மாதமாகத் திண்டாடுகிறீர்கள். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் ஊர்க்காரர் கார்ல் ரைன்முத் என்று ஒருவர். 1912 முதல் 1957 வரை அங்கே மலைமேல் இருக்கும் வானாய்வகத்திலேயே வேலை. சூரியனைச் சுற்றும் சின்னப் பாறைகளான சிறுகோள்களில் அவர் கண்டுபிடித்தவை 395! கண்டுபிடித்தவரே பெயரும் சொல்வது வழக்கம். நட்சத்திரங்களோடு சேர்ந்து தொலைநோக்கியும் நகரும்படி வைத்து, போட்டோத் தகட்டில் நெடுநேரம் ஒளி விழ விடுவார்கள். நட்சத்திரங்கள் புள்ளியாகப் பதியும். சிறுகோள் நகர்ந்துகொண்டே இருப்பதால் சின்னக் கோடாக இழுபடும். அந்தக் கோட்டைத் தேட வேண்டும், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.

பெர்லினில் குஸ்டாவ் ஸ்ட்ராக்கே என்பவர் சிறுகோள்களின் பாதையைக் கணக்கிடும் வேலையில் இருந்தார். தன் பெயரை எந்தச் சிறுகோளுக்கும் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நம் வீட்டு அம்மாவைப் போலவே. ரைன்முத் என்ன செய்தார் தெரியுமா? தான் கண்டுபிடித்த சிறுகோள்களில் வரிசை எண் 1227 முதல் 1234 வரை எட்டுக்கும் செடிகொடிகளின் பெயர்: ஜெரேனியம், ஸ்கேபியோசா, டிலியா என்று போகும். அவர்கள் எழுத்தில் எட்டின் முதல் எழுத்தையும் சேர்த்துப் படித்தால் 'ஜி. ஸ்ட்ராக்கே'! சொன்ன சொல்லையும் மீறவில்லை, நினைத்ததையும் விடவில்லை. பலே ஆள்.

அவருக்கும் கை நழுவிப் போனது உண்டு. 1937 அக்டோபரில் பூமிக்குப் பக்கத்தில் வந்த ஒன்றைப் பிடித்தார். ஹெர்மிஸ் என்று பெயரும் வைத்தாயிற்று. சில நாளில் ஆளைக் காணோம். திரும்பக் கிடைத்தது 2003இல். ரைன்முத் 1979லேயே போய்விட்டார், பாவம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மா பெயரின் முதல் எழுத்தில் தொடங்குகிற புதுப் பெயராக ஒன்று பார். கேட்டால், ஜாதகப்படி வந்த எழுத்து என்று சொல்லிவிடலாம். ஜோசியரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இரும்பு மாத்திரையை மறக்காதே.

அப்பா