மணலை யார் அள்ளுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘கடல்நீர் வடிந்ததால் மக்கள் வீடு திரும்பினர்’ என்று எங்கள் ஊரைப் பற்றி நாலு வரி போட்டிருந்தீர்கள். மிக்க நன்றி. திரும்பியவர்களில் நானும் ஒருத்தி. அடுக்களைத் திண்டு வரை மணல் கிடந்தது. கக்கூஸ் குழி நிரம்பிப் பின்முற்றத்தில் வழிந்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு உப்பு. கடல் போனது உண்மைதான், கொண்டுவந்ததை எடுத்துக்கொண்டு போகவில்லை.

எங்கள் ஊருக்குள் புகுந்த இந்தக் கள்ளக்கடலைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 2024 மே மாதம் நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தபோது படம் போட்டு விளக்கியவர் தாங்கள்தானே. எங்கோ தென்கடலில் வீசும் புயலால் கிளம்பும் அலை, இங்கே காற்றே இல்லாதபோதும் கேறி வரும். வந்து சேர நாட்கள் ஆகும் என்பதால் ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறது. ஐதராபாத்திலிருந்து கிளம்பிய எச்சரிக்கை எங்கள் ஊராட்சி வாசலைத் தாண்டிக் கடற்கரைத் தெருவுக்கு வரத்தான் வழி தெரியாமல் நிற்கிறது. கோயில் மைக்கில் சாமியார் சொல்லித்தான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஊராட்சியில் கேட்டால், கடற்கரை அவர்கள் பொறுப்பில் இல்லையாம். கடல் தடுப்புச் சுவர் கட்டுகிறவர்களைக் கேட்டால், தெரு அவர்கள் பொறுப்பில் இல்லையாம். கடல் இந்த எல்லையெல்லாம் பார்ப்பதில்லை. அவர்கள் கொட்டிய கல்லும் ஆண்டுதோறும் மணலுக்குள் இறங்கிக்கொண்டே போகிறது. பக்கத்து ஊருக்குத் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு, வந்த பிறகு அங்கே கரை சேர்ந்தது, எங்கள் கரை கரைந்தது. வலை காயப்போட்ட இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களும் கெஞ்சித்தான் வாங்கினார்கள். ஒரு ஊருக்குப் போட்டால் அடுத்த ஊர் என்னாகும் என்று படித்தவர்கள் யோசித்திருக்க வேண்டாமா?

கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கத் திட்டம் போட ஆள் இருக்கிறது. என் அடுக்களை மணலை எடுக்க ஆளில்லை!

அதிகாரிகள் வராமலில்லை. ஆடி மாதம் தவறாமல் வருகிறார்கள். மண்டபத்தில் சாம்பார் சாதம் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். தண்ணீர் வடியும் முன்பே கார் கிளம்பிவிட்டது. தங்கள் நிருபரும் அதே காரில்தான் போனார் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஜேசிபி வாடகையை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துப்போட்டுத் தெருவை நாங்களே திறந்துவிட்டோம். அந்தப் பணத்தைக் கேட்கவில்லை. கிணறுகளை இறைத்துக் கொடுக்கட்டும். அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாளாவது லாரித் தண்ணீர் அனுப்பட்டும். இந்த இரண்டு வரியை மட்டுமாவது அவர்கள் கண்ணில் படும் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
கடற்கரைத் தெரு வாசகி,
குமரி மாவட்டம்.