வயதைக் கேட்க வேண்டிய இடம் வாசல் அல்ல: திரையரங்கு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத் திரையரங்கு உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

‘ஏ’ படம், முதல் ஞாயிறு, மாலைக் காட்சி. நாலு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் கேட்டுக்கு வருகிறது. ஆன்லைனில் எடுத்த டிக்கெட், எல்லோருக்கும் சேர்த்து ஒரே க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்யும் பையனுக்கு இருக்கை எண் தெரியும், வயது தெரியாது. தடுத்தால், “காசு கொடுத்துத்தானே வந்திருக்கோம்” என்று சண்டை. பின்னால் வரிசை முட்டும். கடைசியில் அவன்தான் ஒதுங்குவான். அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரத்தை நீங்கள் அவனிடம் கொடுக்கவில்லையே.

ஒளிப்பதிவுச் சட்டப்படி ‘ஏ’ படத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பெற்றோர் கூட வந்தாலும் அது மாறாது. 2023 திருத்தத்தில் வந்த யு/ஏ 7+, 13+, 16+ வேறு வகை. அவை பெற்றோர் முடிவு செய்வதற்கான குறிப்புகள், நீங்கள் யாரையும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணைக் காசு கட்டிய பிறகு பார்த்து என்ன பயன்?

“கெட்டவன் கடைசியில் சாகத்தானே போகிறான், பிள்ளைக்கு அதுவும் பாடம்தானே” என்பார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1965-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில். ஒருவர் பொம்மையை அடிக்கும் படத்தைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டினார். ஒரு குழு கண்ட முடிவில் அடித்தவருக்குப் பாராட்டு, இன்னொன்றில் தண்டனை, மூன்றாவதில் இரண்டும் இல்லை. தண்டனையைக் கண்ட பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். பிறகு, “பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு” என்றதும் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு செய்து காட்டின. கற்றுக்கொள்வதைத் தண்டனை தடுக்கவில்லை. வெளிக்காட்டுவதை மட்டுமே நிறுத்தி வைத்திருந்தது. நம் அரங்கிலோ வெட்டு விழும்போதெல்லாம் விசில் பறக்கிறது. பாராட்டு திரையில் மட்டுமில்லை, பக்கத்து இருக்கையிலேயே இருக்கிறது.

ஒரு படம் பார்த்து யாரும் கொலைகாரர் ஆகிவிடுவதில்லை. அமெரிக்க உளவியல் சங்கம்கூட 2020-இல், வீடியோ கேம்களைக் கொடுங்குற்றங்களோடு முடிச்சுப் போடப் போதிய ஆதாரமில்லை என்றே சொன்னது. எங்கள் கவலை அதைவிடச் சின்னது, அடிக்கடி நடப்பது: தூக்கம் கெடுவது, தனியாகப் படுக்க மறுப்பது, விளையாட்டில் கை ஓங்குவது. ஏழெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கதையைப் பார்த்துப் பயப்படுவதில்லை. முகத்தையும் ரத்தத்தையும் திடீர்ச் சத்தத்தையும் பார்த்துப் பயப்படுகிறது. “அது சாயம்டா கண்ணு” என்பது அதன் காதில் ஏறாது. வெளியே தூக்கிப் போவது ஒன்றே வழி.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. ‘ஏ’ எச்சரிக்கைக்கு இப்போது எல்லோரும் படிக்காமலே ‘சரி’ தட்டிவிடுகிறார்கள். இருக்கை வரைபடம் திறக்கும் முன்பே, “18 நிறையாதவர் உங்களோடு வருகிறார்களா?” என்று கேளுங்கள், ‘ஆம்’ என்றால் பதிவு அங்கேயே நிற்கட்டும். கவுன்ட்டரிலும் அதே கேள்வி. தமிழில் பெரிய எழுத்துப் பலகையைப் படிக்கட்டில் வைக்காமல் வண்டி நிறுத்துமிடத்தில் வையுங்கள், திரும்பிப் போக மனம் வரும் இடம் அதுதான். முதல் மூன்று நாள் கேட்டில் மேலாளரே நிற்கட்டும். முழுப் பணமோ, வேறு திரையில் அதே நேரத்து யு படமோ அங்கேயே தர முடிய வேண்டும். இது இல்லாவிட்டால் மற்ற எதுவும் பலிக்காது. சிக்கல் 15 முதல் 17 வரையிலான பையன்களிடம்தான்: மீசையைப் பார்த்து உள்ளே அனுப்பிவிடுகிறீர்கள். ஆதாரைக் கேளுங்கள், போனில் காட்டினாலும் போதும்.

யு படத்துக்கு முன் ஓடும் முன்னோட்டங்களையும் ஒருமுறை பாருங்கள். ப்ரொஜெக்டர் அறையில் முந்தைய காட்சியின் பட்டியலையே அப்படியே ஓட விடுவதால், குழந்தைகள் படத்துக்கு முன்னால் அரிவாள் வந்து நிற்கிறது. படம் மாறும்போதெல்லாம் பட்டியலும் மாற வேண்டும் என்று ஆபரேட்டருக்கு எழுதிக் கொடுங்கள். யு/ஏ 16+ படத்தின் நடுவே அழும் பிள்ளையோடு யாராவது வெளியே வந்தால், லாபியில் உட்கார இரண்டு நாற்காலியும், திரும்ப உள்ளே போகத் தடையில்லை என்ற உறுதியும் இருக்கட்டும்.