ஞாயிறு கூட்டம்: சிவப்பு மை பூசிய தெருக்கள்

உறவுகளுக்கு வணக்கம். ஞாயிறு மாலை 4 மணிக்கு நூலகத்தில் கூடுகிறோம். 1930-களில் அமெரிக்க அரசின் கடன் அமைப்பு ஒன்று, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்தது. சிவப்பில் வீடு இருந்தால் வங்கிக் கடன் குதிரைக்கொம்புதான். 1968-ல் சட்டம் இந்தப் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆனால் தாத்தாவால் வீடு வாங்க முடியாத குடும்பத்தில் பேரனுக்குச் சொத்து ஏது? பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு வீட்டுவரியிலிருந்து வருவதால் படிப்பிலும் அடி.

நம்மவர்கள் இங்கே அமெரிக்காவுக்கு வர வழிவிட்ட 1965 குடியேற்றச் சட்டம் கறுப்பின மக்களுடைய உரிமைப் போராட்டக் காலத்தில் பிறந்தது. நமக்கு அந்த நன்றிக்கடன் உண்டு. வீடு தேடுபவர்களிடம் “அந்த ஏரியா வேண்டாம்” என்று இந்தக் குழுவில் இனி யாரும் எழுத வேண்டாம், ப்ளீஸ்.

செவ்வாய் மாலை நகர மன்றத்தில் வாடகைதாரர்கள் பேசுகிறார்கள். அவர்கள் பேசட்டும், நாம் பக்கபலமாக உட்காருவோம். காரில் இடம் இருப்பவர்கள் திங்களுக்குள் சொல்லுங்கள்.