கேஸ் அடிப்பதற்கு முன்: கார் ஏசி மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஏசி மெக்கானிக் நண்பர்களுக்கு,

வணக்கம். ஏசியில் சூடான காற்று வருகிறது என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், பானெட்டைத் திறக்கும் முன்பே பல பட்டறைகளில் பதில் தயாராக இருக்கிறது: "கேஸ் தீர்ந்துபோச்சு, அடிச்சிடலாம்." அந்தப் பதிலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கே தெரியும், ஏசி கேஸ் செலவாகித் தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் ஆவியாகி, அழுத்தப்பட்டு, மறுபடி திரவமாகிச் சுற்றிக்கொண்டே இருப்பது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரெஸரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது இயல்புதான், அது தெரியவர வருடங்கள் ஆகும். போன கோடையில் நிரப்பியது இந்தக் கோடைக்குள் போய்விட்டால் எங்கோ லீக் இருக்கிறது என்றுதான் பொருள்.

அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி: குறை கேஸில்தானா? வண்டி ஓடும்போது சில்லென்று இருந்து, சிக்னலில் நின்றதும் காற்று சூடாகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது, கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸரின் ஃபேன். ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்ஸரைக் குளிர்விக்கிறது, நின்றால் அந்த வேலை முழுக்க ஃபேனுடையது. ஒரு ரிலேயோ ஃபியூஸோ போயிருக்கலாம், மோட்டாரே நின்றிருக்கலாம், கண்டென்ஸர் இதழ்களில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கலாம். இன்னொரு வண்டியில் கேபினிலிருந்து கம்ப்ரெஸருக்குத் திரும்பும் தடித்த குழாய் தொட்டால் ஜில்லென்று, வெளியே நீர் பூத்திருக்கும், உள்ளே வருவதோ வெதுவெதுப்பான காற்று. குளிர்ச்சி உண்டாகிறது, வந்து சேரவில்லை. டேஷ்போர்டுக்குள் சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவு ஹீட்டர் பக்கம் சிக்கியிருக்கும். இங்கே எத்தனை கிராம் கேஸ் அடித்தாலும் ஒன்றும் மாறாது. காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கம்ப்ரெஸரை இன்ஜின் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் பிடிக்கவே இல்லை என்றால் கேஸ் குறைந்து பிரஷர் ஸ்விட்ச் தடுக்கிறதா, வயர் அறுந்திருக்கிறதா, கிளட்ச் இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

சரி, அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்க்கிறோமே என்பீர்கள். அங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. இன்ஜின் அணைந்திருக்கும்போது, 30 டிகிரி வெப்பத்தில், பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ் சுமார் 95 முதல் 100 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும், கொஞ்சமாவது திரவம் மிஞ்சியிருக்கும் வரை, அந்த முள் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். அது வெப்பநிலையைச் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. இன்ஜின் ஓடும்போது இரண்டு முள்ளையும் (கம்ப்ரெஸருக்குள் வரும் பக்கம் லோ சைடு, வெளியேறும் பக்கம் ஹை சைடு) சேர்த்துப் படித்தால் நிறைய தெரியும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவாக இருக்கலாம். லோ சைடு ஏறி ஹை சைடு இறங்கியிருந்தால் கம்ப்ரெஸர் பம்ப் செய்யவில்லை என்று சந்தேகப்படலாம். லோ சைடு வேக்கத்துக்கே, அதாவது வெற்றிட நிலைக்கே, போனால், திரவத்தின் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் எக்ஸ்பேன்ஷன் வால்வில் அடைப்பு இருக்கலாம். இரண்டும் ஏறியிருந்தால் கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது கண்டென்ஸருக்குக் காற்று போதவில்லை. கேஸ் அதிகமானாலும் காற்று சூடாகத்தான் வரும் என்பதைப் பல வண்டிக்காரர்கள் நம்புவதே இல்லை!

அதனால்தான் எடை பார்த்து நிரப்பச் சொல்கிறேன். எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரிலேயே இருக்கும். சிறிய கார்களில் பல அரைக் கிலோவுக்கும் குறைவாகவே கொள்ளும். அதில் 100 கிராம் கூடுவதும் குறைவதும் சின்ன விஷயம் இல்லை. இருப்பதை மீட்டெடுத்து எடை போட்டு, வேக்கம் இழுத்து, அது நிற்கிறதா என்று பார்த்து, பிறகு ஸ்டிக்கர் அளவுக்கு நிரப்புவதே சரியான முறை. லைனைத் திறந்து வேலை செய்துவிட்டு வேக்கம் போடாமல் நிரப்பினால் உள்ளே தங்கும் ஈரம் வால்வில் உறையும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

லீக் தேடுவதும் மந்திரவேலை இல்லை. கேஸ் கசியும் இடத்தில் பெரும்பாலும் ஆயிலும் கசிந்து தூசியோடு பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். சோப்பு நீர், யுவி டை (புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம்), எலக்ட்ரானிக் டிடெக்டர் எல்லாம் அதற்குத்தான். சில நேரம் குற்றவாளி சர்வீஸ் போர்ட்டின் வால்வோ ஓர் ஓ-ரிங்கோதான். ஓட்டையை அடைக்கும் சீலன்ட் டப்பாவை மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள், அது அடுத்த பட்டறையின் ரெக்கவரி மெஷினையும் கெடுக்கும். கேஸைக் காற்றில் திறந்துவிடுவதும் வேண்டாம். ஆர்-134ஏ ஒரு கிலோ, 100 ஆண்டுக் கணக்கில், சுமார் 1,400 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும்.

எலக்ட்ரிக் கம்ப்ரெஸர் உள்ள ஹைபிரிட், மின்சார வண்டி வந்தால் இன்னும் கவனம் தேவை. வழக்கமான கம்ப்ரெஸர்களில் ஊற்றும் பேக் (PAG) ஆயில் அதில் கலந்தால் உயர் மின்னழுத்த இன்சுலேஷன் கெடும்.

இத்தனைக்கும் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "சும்மா கேஸ் மட்டும் போட்டு அனுப்புங்க, அவசரம்" என்பது வண்டிக்காரர்களாகிய நாங்கள்தான். ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்த மூளைக்குக் கூலி கேட்டால் முகம் சுளிப்பதும் நாங்களே. அதனால் அந்தக் கூலியைத் தனியாக, தயங்காமல் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத கேஸில் அதை ஒளித்து வைக்க வேண்டாம்.

பதிலுக்குக் கேட்பது பில்லில் நான்கு வரிகள்: உள்ளேயிருந்து எத்தனை கிராம் எடுத்தீர்கள், எத்தனை கிராம் நிரப்பினீர்கள், லீக் எங்கே இருந்தது, வேலைக்கு முன்னும் பின்னும் நடு வென்ட்டில் தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டியது. லீக் கிடைக்கவில்லை என்றால் "கிடைக்கவில்லை, டை போட்டிருக்கிறேன், ஒரு மாதம் கழித்து வாங்க" என்று எழுதுங்கள். வருவோம்.

இப்படிக்கு,
ஒரு வண்டிக்காரர்