சுலோச்சன முதலியார் பாலத்து அரசங்கன்றுகளை வேரோடு எடுங்கள்

பாலத்தின் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் தாமிரபரணி மேல் நிற்கும் இந்தப் பாலத்தில் நீங்கள் ஆள் விட்டு வெட்டிய அரசங்கன்றுகள் மறுபடியும் துளிர்த்துவிட்டன.

மனு கொடுக்கிறோம். சில மாதம் கழித்து ஒருவர் அரிவாளோடு வந்து கிளையைக் கழித்துவிட்டுப் போகிறார். மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். தண்ணீர் வற்றிய நாளில் ஆற்றுக்குள் இறங்கி, வளைவின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். பின்னாளில் அகலப்படுத்திய பகுதியை அல்ல, பழைய வளைவுகளை. கட்டைவிரல் தடிமனில் வேர், சுண்ணாம்புச் சாந்தைத் தள்ளிக்கொண்டு இடுக்குக்குள் போயிருக்கிறது. மேலே வெட்ட வெட்ட உள்ளே தடிக்கிறது. அந்தப் பிளவு வழியாக மழைத்தண்ணீர் இறங்கி மிச்சச் சாந்தையும் அரிக்கிறது. கிளையைக் கழிப்பது பராமரிப்பு ஆகாது. வேரோடு எடுங்கள்.

நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தோணிக்குக் காத்துக்கிடந்த சனங்களுக்காக 1843-ல் எழுந்த பாலம் இது. சொந்தப் பணத்தைக் கொடுத்தவர் கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த சுலோச்சன முதலியார். அவரும் உங்களைப் போல அரசாங்கச் சம்பளம் வாங்கியவர்தான். அவர் கைக்காசைப் போட்டார். உங்களிடம் நாங்கள் கேட்பது எங்கள் வரிப்பணத்தில் செய்ய வேண்டிய வேலையை மட்டும்தான்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோதும் பாலம் நின்றது. சாந்து போன இடுக்குகளோடு இன்னொரு வெள்ளத்தையும் அது தாங்கும் என்று எந்த நம்பிக்கையில் விட்டுவைத்திருக்கிறீர்கள்? பாலத்துக்குக் கீழே ஓடுவதும் ஆறாகவா இருக்கிறது? குடிக்கிற தண்ணீரிலேயே சாக்கடையைக் கலக்க விட்டிருக்கிறோம். புஷ்கரம் என்கிற புனித நீராடல் விழா வந்தால் படித்துறைக்கு வெள்ளையடிக்கிறோம், முடிந்ததும் மறந்துபோகிறோம். அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

இப்போதைக்குக் கேட்பது இதுதான். ஐப்பசி மழைக்கு முன்பு மருந்து வைத்து வேரைப் பட்டுப்போகச் செய்து, முழுதாக எடுத்துவிடுங்கள். இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே அடையுங்கள். சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பழைய கட்டுமானத்தைக் கெடுக்கும். பழங்கட்டடம் பார்த்துப் பழகிய பொறியாளர் ஒருவர் கூட இருக்கட்டும். வேலை எந்தத் தேதியில் தொடங்கும் என்று எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்தப் பாலத்தில் நடந்து போகும் நெல்லைக்காரன்