படித்துவிட்டுச் சண்டையிடலாம்

ஐயா,

பா.ஜ.க. தலைவர் அத்வானியின் 2005 பாகிஸ்தான் பயணம் குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். கராச்சியில், பாகிஸ்தானை நிறுவிய ஜின்னாவின் நினைவிடப் பதிவேட்டில் எழுதிய சில வரிகளுக்காக, ஓர் எதிர்க்கட்சித் தலைவர் அங்கே போனதே பிழை என்பது பொருந்தாது. (அவரது அரசியலில் எனக்கு உடன்பாடில்லை என்பது வேறு.) 1999 சென்னை டெஸ்டில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் நாம் தோற்றபோது நான் சேப்பாக்கத்தில் இருந்தேன். டெண்டுல்கர் 136 அடித்தும் கைநழுவிய ஆட்டம். தொண்டை அடைத்து நின்ற கூட்டம், பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது எழுந்து நின்று கைதட்டியது. எங்களை யாரும் துரோகி என்று சொல்லவில்லை.

அத்வானி பாராட்டியது, மத வேறுபாடின்றி எல்லோரும் சமமான குடிமக்கள் என்று ஜின்னா பேசிய 1947 ஆகஸ்ட் 11 உரையை. அவ்வுரையைத் தமிழில் முழுமையாக வெளியிடுங்கள், படித்துவிட்டுச் சண்டையிடுகிறோம்.

– ஒரு வாசகர், சென்னை